யாரும் அடிக்காத ‘இல்லை’

மார்ச் 4
ஏரிக்கரை கிளினிக்கில் டிவோங்கே என்ற பெண்ணுக்குப் பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். அவளுக்கு அது ஆகாது. முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரும்பாடு. கணினியில் ‘ஒவ்வாமை: இல்லை’ என்று இருந்ததாம். பதிவு செய்த ஞாசுலு சிஸ்டரை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

மார்ச் 5
எல்லாக் கிளினிக்குகளுக்குமாக நான் பராமரிக்கும் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அதுவே ‘இல்லை’ என்று போட்டுக்கொள்ளும். டீஃபால்ட். அப்படி வைத்தது யார்? நான்தான். வெற்றுக் கட்டங்கள் இருந்தால் அறிக்கை அசிங்கமாக இருக்கிறது என்று மேலாளர் முன்தாலி சொன்னார். யோசிக்காமல் ஒரே வரியில் முடித்தேன்.

மார்ச் 6
முன்தாலியிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.
“ஏம்மா லுசுங்கு, ஒன்ன யாராச்சும் கேட்டாங்களா? நர்ஸ் கேக்க மறந்தா அது நர்ஸ் தப்பு.”
“மறந்தா கட்டம் காலியா இருக்கணும் சார். ‘இல்லை’ன்னு எழுதினது அவங்க இல்ல, நாம.”
“விசாரணையில வாயத் தொறந்தே, ஒப்பந்தத்தப் புதுப்பிக்க மாட்டேன்.”
புதுப்பிக்காட்டிப் போ!

மார்ச் 7
பயமா? இருக்கு. அதுக்காக?

மார்ச் 10
விசாரணை. சிஸ்டர் தலை குனியவில்லை. “அன்னிக்கு மலேரியாக் கூட்டம். நூத்திப்பத்து பேரு, நா ஒருத்தி. கேக்கல, அது நெசம். ஆனா ‘இல்லை’ன்னு நா அடிக்கவே இல்ல.”
குழுவில் ஒருவர் சிரித்தார். “அப்ப பேயா வந்து அடிச்சுது?”
எழுந்தேன். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, இல்லாத ஒரு நோயாளியின் பெயரை மட்டும் அடித்துச் சேமித்தேன். திரையில் வந்தது: ‘ஒவ்வாமை: இல்லை.’
“அந்தப் பேய் நான்தான் சார்” என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச் 11
டீஃபால்ட்டை எடுத்தாயிற்று. இனி நிரப்பாமல் சேமிக்க முடியாது. ஆனால் பழைய பதிவுகள் அதனால் மாறிவிடாதே — நாற்பத்தோராயிரம் ‘இல்லை’. எது கேட்டு எழுதியது, எது தானாக வந்தது? எல்லாவற்றையும் ‘தெரியாது’ என்று மாற்றினேன். குழு கையெழுத்துப் போட்டது. முன்தாலி போடவில்லை.

மார்ச் 31
சிஸ்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார். என் ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. முன்தாலி கை கொடுக்கவில்லை. நானும் நீட்டவில்லை.

மே 14
பல்வலி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கிளினிக்குக்குப் போனேன். என்னை அறியாத இளம் நர்ஸ். பின்னால் வரிசை முணுமுணுத்தது: “சீக்கிரம்மா!”
“இருங்க, இதக் கேக்காம விடமாட்டேங்குது” என்று திரையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். “அக்கா, ஒங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாச்சும் இருக்கா?”
“இல்ல” என்றேன்.
அவளே அடித்தாள்.