மரகதம் வீட்டைவிட்டுப் போன காரணம்

அக்கா,

நேற்று ஞாயிறு மத்தியானம் என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், எதிர்வீட்டுப் பார்வதி, அவள் மருமகள் சுதா, தையல்காரி அஞ்சலை, சாய்வு நாற்காலியில் என் வீட்டுக்காரர். அவர் தூங்கிவிட்டார். ஆனாலும் இருந்தவர் இருந்தவர்தான். டிவிக்கு நேரெதிரே நீங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில் சுதா உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாம் படித்த அந்தத் தொடர்கதையை இப்போது டிவி நாடகமாக எடுத்திருக்கிறார்கள். நேற்று மரகதம் வீட்டைவிட்டுப் போகும் பகுதி. நீங்கள் வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த கதைப் புத்தகத்தை, சாட்சிக்கு இருக்கட்டும் என்று அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை. அதற்குள்ளே லேசாக உங்கள் ஃபேக்டரி ரப்பர் வாசனை. அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் பக்கங்களில்தான். படித்ததை நோட்டில் குறித்து வைப்பேன்: எந்த வாரம், யார் எங்கே இருந்தார், யாருக்கு எந்த விஷயம் தெரியும். அதைப் பார்த்து, "கதை படிக்கிறியா, போலீஸ் விசாரணை பண்றியா?" என்று சிரிப்பீர்கள்.

மரகதம் போன வாரத்தில் அந்த நோட்டு உதவவில்லை. இருபது வருஷம் குடும்பத்தைத் தாங்கியவள், புதுவீட்டில் பால் காய்ச்சும் அன்று எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுத்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுகிறாள். ஏன் என்று கதையில் ஒரு வரி இல்லை. மூன்று நாள் உங்களோடு மல்லுக்கட்டினேன். "அவளுக்குத் தெரியும் லா. நமக்கு எதுக்கு சொல்லணும்?" என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அன்று ஆறவே இல்லை.

நாடகத்தில் காரணம் வைத்துவிட்டார்கள், அக்கா. கொழுந்தன் ஒரு மிரட்டல் கடிதம் எழுதுகிறான். மரகதம் அதைப் படித்து அழுதுகொண்டே போகிறாள்.

சுதா கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள். "கதை படிச்சவங்கல்லாம் இங்க சண்ட போடுறாங்க ஆன்ட்டி. கடுதாசி எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க."

"நல்லா கேக்கட்டும்," என்றாள் அஞ்சலை. "பொம்பள கிளம்பிப் போனா யாராச்சும் மிரட்டியிருக்கணுமா? அவளா போகக் கூடாதா?"

"காரணமில்லாம யாரு லா போவா?" இது பார்வதி. "நீ போவியா?"

"எனக்குப் போறதுக்கு நூறு காரணம் இருக்கு. தைக்கக் குடுத்த துணிதான் பாக்கி. அதுல உன் ரவிக்கையும் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அஞ்சலை சிரிக்காமல் சொன்னாள். "தெரியலன்னா தெரியலன்னு வுட்டுறணும். இவனுங்களா ஒண்ண இட்டுக்கட்டி, அந்தப் பொம்பளைய வேற ஆளாக்கிட்டானுங்க."

தேத்தண்ணி கலக்கப் போகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். 

அக்கா, நானும் இட்டுக்கட்டியிருக்கிறேன். உங்களைப் பற்றி.

வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் நாள் குறித்துக் கொடுத்தும் நீங்கள் போகவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து ஏன் ஏன் என்று அரித்தேன். "கேக்காத தங்கச்சி. களைப்பா இருக்கு," என்றீர்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அதை ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உங்கள் வீட்டுப் பின்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் கவிதா வந்து நின்றாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த வாரம்தான் அவள் உங்களோடு போனில் சண்டை போட்டிருந்தாள். ஜோகூருக்கு வந்து தன்னோடு இருக்கவில்லையென்றால் இனிப் பேசவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். "ஆன்ட்டி, நான் அப்படிப் பேசுனதாலயா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று கேட்டாள். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

"இல்லம்மா," என்றேன். "மூணு வருஷம் பால்குடம் எடுக்கறதா உங்கம்மாவுக்கு வேண்டுதல். அது முடியாம உடம்புல கத்தி படக்கூடாதுன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருந்துச்சு. ரெண்டு வருஷம் எடுத்துடுச்சு. மூணாவதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு."

நீங்கள் இரண்டு வருஷம் பால்குடம் எடுத்தது உண்மை. மீதி முழுவதும் என்னுடையது. தினமும் விளக்கேற்றுகிற கையை வைத்துக்கொண்டு, சாமி பெயரில் பொய் சொன்னேன். கவிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து நன்றாகச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து, செய்தது சரிதான் என்று இருந்துவிட்டேன்.

போன புதன்கிழமை கூப்பிட்டாள். இரண்டு முறை கலைந்தபின் மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஐந்து மாதம். உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அதிக நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆனால் வருகிற ஞாயிறு நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறாள். பால்குடம் எடுக்க. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை, அந்தத் தார் ரோட்டில், வெறுங்காலோடு.

"வேணாம் தாயி, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. புள்ள பொறந்தப்புறம் எடுத்துக்கலாம்," என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா உசிரக் குடுத்துக் காத்த வேண்டுதல் ஆன்ட்டி. நான் முடிக்காட்டி இந்தப் புள்ளயும் தங்காது," என்கிறாள்.

என் வாயில் பிறந்த பொய், அவள் வாயில் சத்தியமாகத் திரும்பி வருகிறது. மறுத்தால், அப்புறம் அம்மா ஏன் போகவில்லை என்று கேட்பாள். தெரியாது என்று சொன்னால் மறுபடி அந்தச் சண்டைக்கே போய் நிற்பாள். யோசித்து யோசித்து உடம்பு ஓய்ந்துவிட்டது, அக்கா. காலையில் எழுந்து கோலம் போடவே கை கனக்கிறது. நீங்கள் சொன்ன அந்தக் களைப்பு இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் அன்று நீங்கள் பதில் சொல்லித்தான் இருக்கிறீர்கள். எனக்குத்தான் அது போதவில்லை. அந்த இரண்டு வார்த்தைதான் உங்களிடமிருந்து என்னிடம் இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை.

கவிதாவும் அவள் வீட்டுக்காரரும் சனிக்கிழமை காலை ஜோகூரிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு அவளைக் கூப்பிடப் போகிறேன். வேண்டுதல் எதுவும் இல்லை, நான் கட்டிய கதை அது என்று சொல்லப் போகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு வார்த்தையையும் அப்படியே சொல்வேன். அந்தச் சண்டைதான் காரணமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். அவள் என்னை ஏசலாம். இனி என் வீட்டு வாசல் மிதிக்காமலும் போகலாம்.

உங்கள் பிள்ளை, உங்கள் பேச்சு. சொல்ல வேண்டாம் என்றால் கனவிலோ எதிலோ வந்து தடுத்துவிடுங்கள். இன்று திங்கள். வெள்ளிக்குள் பதில் வேண்டும், அக்கா. சீக்கிரம் சொல்லுங்கள்.