காரைப் புல்வெளி வெள்ளெலி வளைகளுக்குத் தீயிடாமை குறித்த திருவோலை

வெண்குன்ற நாடுடைய கொற்றமாதேவியார் திருவாய் மொழிந்தபடி, ஓலைநாயகம் செங்கீரன் எழுதுவது. மேற்கெல்லை காக்கும் காரைக்கோட்டைத் தலைவர் வில்லவதரையர்க்கு நலம் பெருகுக. உம் கோட்டைக் கிணறுகள் கோடையிலும் ஊறுக. உம் வீரர்தம் இல்லங்களில் அடுப்பு அணையாதிருப்பதாக.

குதிரைத்தலைவன் அழிசி அரசாணையை மீறினான் என்று நீர் அவனைச் சிறையிட்டு விடுத்த ஓலை வந்தது. அவனுடன் சென்ற வீரரையும் தேவியார் அழைத்து வினவியருளினார். நடந்தது இது.

கோட்டைக்கு அப்பாலுள்ள புல்வெளியில், வெள்ளெலி வளையொன்றில் கால் புதைந்து, அழிசி குட்டியிலிருந்து வளர்த்த குதிரையின் முன்கால் முறிந்தது. அது படும் பாட்டைக் காணப் பொறாமல் தன் கையாலேயே அதன் உயிரை முடித்தவன், வளைகள் அனைத்தையும் தீயிட்டு அழிக்க ஆணை வேண்டினான். அவன் துயரம் கண்டு தேவியாரும் தந்தருளினார்.

அந்திப்பொழுதில் தீப்பந்தம் ஏந்தி, காற்று திரும்பட்டும் என்று காத்து நின்றான். அப்போது மேட்டு வளையிலிருந்து வெள்ளெலி ஒன்று தலை நீட்டியது. வானில் பருந்தின் நிழல் கண்டு உள்ளே ஒடுங்கியது. சற்றைக்கெல்லாம் சாரைப்பாம்பு ஒன்று அதே வாயில் நுழைந்தது. தாயெலியோ வேறொரு வாய்வழியே, கண் திறவாக் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளிப்பட்டு, மறைவற்ற வெறுந்தரையில் ஓடி, மற்றொரு வளையில் அதைச் சேர்த்துவிட்டு, பாம்பிருந்த வளைக்கே மீண்டது. அடுத்த குட்டியோடு வருகையில் புதரிலிருந்து நரி பாய்ந்தது. எலி தப்பியது, வால்நுனி தப்பவில்லை. குருதி சொட்ட அது மறுபடியும் உள்ளே புகுந்தது. நெடுநேரம் ஒன்றும் வெளிவரவில்லை. பின்னர் கடைசிக் குட்டியோடு அது வெளிப்பட்டபோது, அழிசி தன்னை அறியாமல், “ஓடு, ஓடு!” என்று கூவினான்.

பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தான். காரணம் கேட்ட வீரரிடம், “மேலே பருந்து, உள்ளே பாம்பு, புதரில் நரி. இத்தனை பேர் போதாதா? நாமும் எதற்கப்பா?” என்றான். குதிரை இறந்த நாள்முதல் அழாதவன், அங்கேயே அமர்ந்து அழுதான்.

அழிசி ஆணையை மீறியது மெய்யே. ஆயினும் அந்நிலத்தில் வாழ்வன எவை என்று கேளாமலே தாம் ஆணையிட்டதாகத் தேவியார் மொழிந்து, அதனை மீட்டுக்கொண்டருளினார். இனி, குதிரையேறி வருவோர் எவராயினும், தேவியாரே ஆயினும், அப்புல்வெளியை இறங்கி நடந்தே கடக்கக் கடவர்.

அழிசிக்கு வேறு குதிரை கொடுக்க விரைய வேண்டா. அவனுக்கே மனம் வரும் நாளில், தேவியாரின் லாயத்தில் அவனே தேர்ந்துகொள்வானாக.

குன்றும் வேலும் பொறித்த இலச்சினை இட்டோம். இதனை நின்று வாசித்து, ஓலையை மீண்டும் சுருட்டுமுன், அவன் காலின் தளையை உம் கையாலேயே கழற்றுக.