நீங்கள் இறுக்கிய போல்ட்

இன்று காலை உங்கள் டூல்ஸ் பெட்டியைத் திறந்ததும், கிரீஸ் வாசனைக்கு முன்னால் குங்கிலிய வாசனைதான் வந்தது. ஊறுகாய் பாட்டிலில் நீங்கள் போட்டு வைத்திருந்த தூள், மூடி தளர்ந்து ஸ்பேனர்களின் மேலெல்லாம் சிந்திக் கிடந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் கோயில் ஞாபகம் வரும். எனக்குச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் கோபமும் வந்தது. சில வாரங்களாக நான் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருக்கிறேன். நீங்களோ ஒரு பாட்டில் மூடியைக்கூட ஒழுங்காக இறுக்காமல் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

என்னுடைய தொந்தரவெல்லாம் இப்போது அந்த ‘இறுக்காமல்’ என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. கேளுங்கள், சொல்கிறேன்.

நம் கார் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்துகிறது, ஓட ஓட முன்பக்கம் தடதடவென்று ஆடுகிறது. திருக்காட்டுப்பள்ளி போகிற வழியில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். அவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

“கிராங்க் புல்லி ஆடுதும்மா. இது வண்டிக் கம்பெனி புல்லி இல்லையே, வெளி அயிட்டமால்ல இருக்கு. யாரு மாட்டுனது?”

“எங்க வீட்டுக்காரர். வீட்டுலயே வச்சு மாட்டுனாரு.”

“அதான பாத்தேன். போல்ட்ட சரியா டைட் பண்ணிருக்க மாட்டாரு. அது லூசா ஓடிருந்தா உள்ள ஷாப்ட்டயே தின்னுருக்கும். அப்புறம் இன்ஜினயே இறக்கணும். அதுக்கு வண்டியத் தள்ளிவிட்டுட்டுப் போயிரலாம்மா.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை. சப் சென்டரில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தியபடியே அடுத்த குழந்தையைக் கூப்பிட மறந்து நிற்கிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது. டீயை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். சரியாக இறுக்கவில்லையா நீங்கள்? அந்தக் காரில்தானே, உங்களைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்? வழியெல்லாம் “மெதுவாப் போ, வண்டி நிக்காது” என்று நீங்கள்தானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்? எதை நம்பிச் சொன்னீர்கள்?

உங்கள் தம்பி வந்து பார்த்தார். “அண்ணி, பேசாம குடுத்துருவோம். அண்ணன் ஞாபகம்னு வச்சுக்கிட்டு நீங்க நடுரோட்டுல நிக்க முடியாது. தடுப்பூசி பெட்டியோட எத்தன ஊருக்குப் போறீங்க” என்றார். ஒரு ஆளிடம் பேசியும் வைத்திருந்தார். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான், ஆனாலும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. “களத்துல நிறுத்திக் கழட்டிப் பாப்போம். போல்ட் லூசா இருந்தா நீங்க சொல்ற ஆளுக்கே குடுத்துருங்க. டைட்டா இருந்தா வண்டி இங்கதான் நிக்கும், இதப் பத்தி அப்பறம் பேசக் கூடாது” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. போல்ட் லூசாக இருந்தால் வண்டி மட்டுமா போகும்?

குங்கிலியக் கதையை நீங்கள் இருக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தீர்கள். இப்போது சொல்லலாம்தானே? இதே கீச்சுச் சத்தம் முதல்முறை வந்தபோது நீங்கள் மெக்கானிக்கிடம் போகவில்லை. வயல் இன்ஜினில் பெல்ட் வழுக்கினால் உங்கள் அப்பா குங்கிலியத்தைப் பொடி செய்து தூவுவாராம், பெல்ட் பிடித்துக்கொள்ளுமாம். பெல்ட் என்றால் எல்லாம் பெல்ட்தானே என்று காரிலும் தூவிவிட்டீர்கள். சத்தம் நின்றது என்னவோ உண்மைதான். கடைத்தெருவை நெருங்கும்போது பானெட்டிலிருந்து புகை. ஊரே மணத்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து, “என்ன சார், வண்டிக்குச் சாமி வந்துருச்சா?” என்று கேட்டார்கள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிற மனிதர், வெள்ளைச் சட்டையோடு, புகைக்கு நடுவே நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டீர்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

கோளாறு பெல்ட்டில் இல்லை, அது ஓடுகிற புல்லியில் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்ஜின் தண்டின் முனையில் இருக்கிற அந்தச் சக்கரத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது பிய்ந்தால் சக்கரம் கோணிக்கொண்டு ஆடும் என்று எனக்குப் படம் போட்டுக் காட்டினீர்கள். வண்டிக் கம்பெனி புல்லி எங்கும் கிடைக்கவில்லை. வேறு ஏதோ கம்பெனி செய்தது ஆன்லைனில் வந்தது. “டூப்ளிகேட்டா?” என்று கேட்டேன். “டூப்ளிகேட் இல்ல சிஸ்டரு, வேற கம்பெனி. அடுத்த வீட்டுப் பொண்ணக் கட்டாம அசலூருல கட்டுற மாதிரி” என்றீர்கள். ஊருக்கே சிஸ்டர் என்றால் உங்களுக்கும் சிஸ்டர்தான் என்று என்னைக் கூப்பிட்டே கடுப்பேற்றிய ஆள் நீங்கள்.

மாட்டியது புரட்டாசியில். குறுவை அறுப்பு. சமதரையாக இருப்பது நம் வீட்டுக்கு எதிரே உள்ள சிமெண்டுக் களம் ஒன்றுதான் என்று காரை அங்கே ஏற்றி, டயரைக் கழற்றி, அடியில் கட்டையும் கொடுத்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அஞ்சலை அக்கா நெல் மூட்டைகளோடு வந்து நின்றாள். ஈரம் இருந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள், அவளுக்கும் களத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. காரை நகர்த்தவும் முடியாது. காரைச் சுற்றியே நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டாள். நடுவில் மூன்று சக்கரத்தோடு நம் கார். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே, “ஒரு சொட்டு ஆயில் நெல்லுல விழுந்துச்சு, சார்னு பாக்க மாட்டேன்” என்று மிரட்டினாள். மேற்கே வேறு கருக்கிக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீங்கள் மட்டும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, நான் கொண்டுவந்த ஆஸ்பத்திரித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னீர்கள். ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து இன்ஜினும் சுற்றும். பழைய போல்ட்டைக் கழற்ற ஒரு மிதி, புதிய புல்லியை மாட்டி இறுக்க ஒரு மிதி. டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கிய ஸ்பேனர் ஒன்று வைத்திருந்தீர்கள், தேவையான அளவு இறுகியதும் அது டிக்கென்று சொல்லுமாம். “நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காத” என்றீர்கள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதித்தேன். நீங்கள் முக்குவது கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கால் மரத்துப்போகிற வரைக்கும் மிதித்திருந்தேன். எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம். பம்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். “ஏங்க, விடலாமா?” என்று கத்தினேன். அஞ்சலை அக்கா நெல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நீங்கள் திரும்பாமலே, “இரு, வரேன்” என்றீர்கள். கட்டின பொண்டாட்டியைப் பிரேக்கில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோன ஆள் என்று அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் உங்கள் மானத்தை வாங்கினேன். நீங்களும் மறுத்துப் பேசவில்லை.

இன்றும் அதே களம், அதே மாதிரி புரட்டாசி, அஞ்சலை அக்காவின் நெல். திருச்சியிலிருந்து கயல் லீவு போட்டு வந்திருந்தாள். நம் பெண்தானே, புல்லிதான் போயிருக்கும் என்று புதிதாக ஒன்றை முன்கூட்டியே வரவழைத்துக் கையில் கொண்டுவந்துவிட்டாள். இரவல் ஸ்பேனரும் அதே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. உங்கள் தம்பி டயரைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு, போல்ட்டில் உங்கள் பெட்டியிலிருந்த ஸ்பேனரை மாட்டினார். நான் யாரும் சொல்லாமலே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஐந்தாவது கியர். பிரேக்.

“மிதிச்சுட்டீங்களா அண்ணி?”

“ம்.”

கண்ணை மூடிக்கொண்டேன். லூசாக இருந்தால் சுலபமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

“என்ன அண்ணி, அசைய மாட்டேங்குது!”

நம்பவில்லை நான். “ஸ்பேனர் சரியா உக்காந்துருக்கா பாருங்க தம்பி” என்றேன். உட்கார்ந்துதான் இருந்தது. மோட்டார் ஷெட்டில் கிடந்த இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனர் பிடியில் சொருகிக்கொண்டு தொங்கினார். அசையவில்லை. கயலும் சேர்ந்து இழுத்தாள். அசையவில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா, “நவுருங்க, நான் ஒரு கை புடிக்கிறேன்” என்று வந்து குழாயைப் பிடித்தாள். “அண்ணன் என்னத்தத் தின்னுட்டு வந்து இறுக்குனாருன்னு தெரியலையே!” என்று உங்கள் தம்பி கத்தினார். உள்ளே நான் பிரேக்கை மிதித்தபடி அழுதுகொண்டிருந்தேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம். இத்தனை நாள் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அசையாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிரேக்கிலிருந்த என் கால்வரைக்கும் அது தெரிந்தது. மூன்று பேரும் “வந்துருச்சு!” என்று கூவினார்கள். எனக்கோ, சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், நீங்கள் இறுக்கி வைத்துவிட்டுப் போனதை நாங்களே கழற்றிவிட்டோமே என்றிருந்தது.

புல்லியை வெளியே எடுத்தோம். உள்ளே ரப்பர் வளையம் பாதி உரிந்து தொங்கியது. தண்டு பளபளவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதன் பள்ளத்தில் புல்லியை வழுக்காமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டும் நீங்கள் வைத்தபடியே இருந்தது. உங்கள் தம்பி போட்டோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டார். “ரப்பர்தான் சார் விட்டுருக்கு, வெயிலு சூடு. போல்ட்டக் குத்தம் சொல்ல முடியாது. நல்ல கை” என்றார் அவர். போனை என் பக்கம் நீட்டி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். உங்கள் தம்பி அப்புறம் விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. “இன்னும் பத்து வருஷம் ஓடும் அண்ணி” என்று மட்டும் சொன்னார்.

புதிய புல்லியை மாட்டியதும், கடைசியாக இறுக்க அவர் இரவல் ஸ்பேனரோடு குனிந்தார். “தம்பி, கொஞ்சம் தள்ளுங்க. கயலு, நீ போயி பிரேக்குல உக்காரு” என்றேன். “அண்ணி, கைக்கு வராது” என்றார். “பிரசவம் பாத்த கை, வரும்” என்றேன். முட்டி போட்டு உட்கார்ந்து, கயலிடம், “நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காத” என்று சொல்லிவிட்டு இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தேன். டிக்.

எழுந்தேன். நேராகப் பம்படிக்கு நடந்தேன். இரண்டு கையும் கட்டுக்கு அடங்காமல் நடுங்கின. குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டினேன், நிற்கவில்லை. அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டேன். அப்போது காருக்குள்ளிருந்து கயல் கத்தினாள்:

“அம்மா! விடலாமா?”

களத்தில் அஞ்சலை அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு நீங்கள் என்னை மறந்து போகவில்லை. உங்களுக்கும் கை இப்படித்தான் நடுங்கியிருக்கிறது. அதை நான் பார்த்துவிடக் கூடாதென்று, திரும்பாமலே நின்றிருக்கிறீர்கள். எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தேன், ஒருமுறையாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா நீங்கள்?

“இரு, வரேன்” என்று குரல் கொடுத்தேன். திரும்பவில்லை.

இப்போது பொழுது சாய்கிறது. கார் சத்தமில்லாமல் வாசலில் நிற்கிறது. குங்கிலியத்தைத் திரும்பப் பாட்டிலில் அள்ளி, மூடியை நானே இறுக்கி வைத்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னியுங்கள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அவசரமாக நிற்கவும் வேண்டாம்.