கறையான் தின்ற மனு

2009 மே, செவ்வாய். ஹோர்சன்ஸ், டென்மார்க்.

வேலை முடிந்து நூலகத்துக்குப் போய், நூலகர் கிர்ஸ்டனின் ஆராய்ச்சிக்காகப் பழைய தமிழ்க் கடிதம் ஒன்றை வாசித்துக் கொடுத்தேன். டேனிஷ்காரர் தமிழ்நாட்டுக் கரையில் ஓர் ஊரை ஆண்ட காலத்துக் கடிதம். நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கு ஏடுகள் தொலைந்தனவாம். கீழே எழுத்துவேலை பார்த்த கிளாக்கரை விட்டுவிட்டு நீதிபதியையும் செயலாளரையும் விசாரிக்கும்படி கோபன்ஹேகனிலிருந்து உத்தரவு வந்ததாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் நானும் நீதிமன்றக் கிளாக்கராக இருந்தவன்தான். எது தொலைந்தாலும் கறையான் தின்றது என்று எழுதுவதே எங்கள் வழக்கம். ஆமி பிடித்துக்கொண்டுபோன மகனைத் தேடி ஒரு தாய் போட்ட மனு தொலைந்தபோதும் பதிவாளர் சொன்னார், அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலே ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. அந்தத் தாய் மாதாமாதம் வந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால், இலங்கையில் சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். மனைவி மேரியிடம் மனுவின் கதையைச் சொன்னேன்.

"இனி ஆர் உதுகளைக் கேக்கப்போயினம்?" என்றாள்.

"கேட்டால் சொல்ல ஒரு ஆள் வேணுமெல்லே."

ஒரு தாளில் நடந்ததை எழுதினேன். நீதவானின் பெயர், பதிவாளரின் பெயர். பிறகு கறையான் என்று வரவேண்டிய இடத்தில் என் பெயர்.