மேடையில் முணுமுணுத்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நூறு வருடப் பழைய இசை அரங்கம் ஒன்றில் புது வயர் இழுக்கிறோம். தெருச் சத்தம் நுழையாதபடி இரட்டைச் சுவர். நடுவில் ஆள் நடக்கலாம். மேடையில் விடும் மூச்சைக்கூட மரக்கூரை கடைசி வரிசைக்குக் கொண்டுபோகிறது.

இது தெரியாமல் நேற்று மேடையில் நின்று, "போதும்டா சாமி, ஊருக்கே போயிடலாம்" என்று முணுமுணுத்தேன்.

மாடியின் கடைசி வரிசையிலிருந்து சூப்பர்வைசர் அண்ணன் கேட்டார்: "பெட்டிய கட்டிட்டியாடா?"

சிரித்துவிட்டோம். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு சின்னக் குரலையும் விட்டுவிடாமல் கட்டியிருக்கிறார்கள், அம்மா.

கவலைப்படாதே, வேலை முடியும்வரை இருப்பேன். கம்பளி ஒன்று அனுப்பு. பேச ஒன்றுமில்லை என்று போனை உடனே வைத்துவிடாதே. அணைக்காமல் அடுப்படியில் ஓரமாக வைத்துவிட்டு உன் வேலையைப் பார்; அந்தச் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகன்