மூன்று முறை குதித்த ஏஜென்ட்

ஜாலகாட்டி,
ஈத் கழிந்த நான்காம் நாள், 1994

டுனியின் அப்பாவுக்கு மொர்ஜினாவின் ஸலாம்.

இங்கே எல்லோரும் நலம். டுனிக்கு முன்பல் ஆடுகிறது. நீங்கள் அனுப்பிய புடவை வந்து சேர்ந்தது. நிறம்தான் கண்ணைப் பறிக்கிறது, ஆனாலும் ஈத் அன்று கட்டிக்கொண்டேன்.

நேற்று உங்கள் தங்கை ஷெஃபாலி என்னைச் சினிமாவுக்கு இழுத்துப் போனாள். உளவாளிப் படம். நம் நாட்டு ரகசிய ஏஜென்ட் துர்ஜய் ஒற்றை ஆளாக டாக்காவைக் காப்பாற்றுகிறான். ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள், சத்தம் மட்டும்தான் வந்தது. வில்லன் மாளிகையில் தொங்கிய அதே திரைச்சீலை ஆஸ்பத்திரியிலும் தொங்கியது. "அண்ணி, இந்தத் துப்பாக்கிய நம்ம டுனிகூட வாங்க மாட்டா" என்று ஷெஃபாலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம்தான் சதர்காட் படகுத்துறைக் காட்சி. லாஞ்சுப் படகின் மேல்தளத்தில் ஏஜென்ட் ஓடி வருகிறான், கீழே புரிகங்கை ஆறு. முதுகு மட்டும் தெரிகிறது. குதிக்கும் முன் குனிந்து தளத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தான். கோட்டு சூட்டுப் போட்ட எந்த உளவாளி அதைச் செய்வான்? அது நம் படகுக்காரர்களும் நீங்களும், ஆற்றில் காக்கும் மகான் பதர் பீரை நினைத்துச் செய்வதல்லவா?

ஷெஃபாலியின் சிரிப்பு நின்றது. "ஐயோ அண்ணி, அது நம்ம அண்ணன்!" என்றாள். பின்வரிசையில் ஒருவர் "பதர்! பதர்!" என்று கத்த, கொட்டகை முழுவதும் சேர்ந்து கத்தியது. நீங்கள் பறந்தீர்கள். அம்மாடி, எவ்வளவு உயரம்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, என்னை அறியாமல் எழுந்து நின்றேன். பிலிம் மிச்சம் பிடித்தார்களோ என்னவோ, அதே குதியை மூன்று தடவை காட்டினார்கள். மூன்று தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது.

முன்பு இப்படிக் குதித்து உங்கள் தோள் எலும்பு முறிந்தபோது, இன்னொரு முறை விழுந்தால் வலது கை போய்விடும் என்றார் டாக்டர். இனி ஸ்டுடியோவில் விளக்குப் பிடிப்பதோடு சரி என்று டுனியின் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். சண்டை போட இதை எழுதவில்லை. அப்படிக் குதிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒன்றுதான் கேட்கிறேன். குதித்தது நீங்கள். தண்ணீரிலிருந்து தலை தூக்கியது ஹீரோ. நீங்கள் மேலே வந்ததை அவர்கள் காட்டவே இல்லை. கடைசியாக வந்த மூன்று கடிதங்களும் உங்கள் கையெழுத்து இல்லை. வேலை அதிகம், நண்பன் எழுதித் தருகிறான் என்றீர்கள். நேற்றுவரை நம்பினேன்.

அல்லாஹ் உங்களைக் கரை சேர்க்கட்டும். இதற்குப் பதிலை மட்டும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். வலது கையால் முடியாவிட்டால் இடது கையால் எழுதுங்கள். எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

உங்கள்
மொர்ஜினா