ஆவாரங்குளத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட துடிப்புப் பெட்டி

அனுப்புநர்:
கே. ஆர். துளசிராம்,
வானொலி பழுதுபார்ப்பவர்,
பழங்காநத்தம், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை மாவட்டம், மதுரை.

பொருள்: ஆவாரங்குளம் துணை சுகாதார நிலையச் செவிலியர் திருமதி அன்னக்கொடி பணியிடை நீக்கம் – வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைத் தொலைபேசி வழியே மருத்துவர் கேட்க உதவிய கருவி கைப்பற்றப்பட்டது – இரண்டையும் நேரில் விசாரிக்க வேண்டுதல்.

பார்வை: எனது கடிதங்கள் நாள் 2.5.83, 11.6.83, 30.7.83. (மூன்றுக்கும் சேர்த்து வந்த பதில்: “பரிசீலனையில் உள்ளது” என்று ஓர் அஞ்சலட்டை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து, பத்தொன்பது ஆண்டுகளாகப் பழங்காநத்தத்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுதுபார்த்து வருகிறேன். இதை முதலிலேயே எழுதக் காரணம், நான் ஏறி இறங்கிய ஒவ்வோர் அலுவலகத்திலும் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டார்கள். பதில் சொன்ன பிறகு இரண்டாவது கேள்வி எங்கும் வரவில்லை.

2. எங்கள் பகுதியில் பிரசவ மருத்துவமனை நடத்தும் டாக்டர் சுந்தரவல்லி அவர்களின் டேப் ரிக்கார்டரைச் சரிசெய்ய 1981 ஜனவரியில் போயிருந்தேன். அன்று மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போது பிள்ளையின் துடிப்பு நின்றிருந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், “காலையில ஒரு நிமிஷம் என் காதால கேட்டிருந்தா இந்தப் பிள்ளைய எடுத்திருப்பேன். அந்த ஊர்ல போன் இருக்கு. இருந்து என்ன பிரயோஜனம்?” என்றார். துடிப்பைப் போனில் அனுப்ப முடிந்தால் கேட்பீர்களா என்று நான் கேட்டேன். அனுப்பிப் பாருங்கள் என்றார்.

3. எட்டு மாதம் ஆயிற்று. தொலைபேசி, மனிதர் பேசும் குரலைக் கொண்டுபோகும். நெஞ்சு அடிக்கும் தாழ்ந்த ஓசையைக் கொண்டுபோகாது. ஆகவே ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு சீட்டி கேட்கும்படி ஒரு பெட்டி செய்தேன். சோற்றுத் தூக்கு அளவுதான் இருக்கும். டார்ச் பேட்டரி நான்கு போதும். அதன் பித்தளைக் கூம்பைத் தாயின் வயிற்றில் வைத்து, ஒலிபெருக்கியைப் போனின் வாய்ப்பக்கம் பிடித்தால், மறுமுனையில் மருத்துவர் எண்ணிக்கொள்ளலாம். தொலைபேசிக் கம்பியில் இதை எந்த இடத்திலும் இணைப்பதில்லை. ஒருவர் போனில் பேசுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

அப்போது என் மனைவி ராதாமணி ஏழு மாதக் கர்ப்பிணி. பக்கத்து ஜவுளிக்கடைப் போனில் முதல் சோதனையை அவர் வயிற்றில்தான் செய்தேன். மறுமுனையில் டாக்டர் எண்ணிவிட்டு “நூத்தி நாப்பத்து நாலு” என்றார். அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. கருவி “எந்த மனித உயிரிடத்தும் சோதிக்கப்படாதது” என்று கைப்பற்றல் குறிப்பில் எழுதப்பட்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

4. அழகர்கோவிலைத் தாண்டி ஏழு மைலில் இருக்கிறது ஆவாரங்குளம். அங்கே செவிலியராக இருந்த அன்னக்கொடி, ஒரு நோயாளியை டாக்டரிடம் அழைத்து வந்தபோது பெட்டியைப் பார்த்தார். “இத எங்க ஊருக்குத் தருவீகளாண்ணே? எங்ககிட்ட போஸ்டாபீஸ்ல போன் இருக்கு” என்று கேட்டார். 1982 பிப்ரவரியில் கொடுத்தேன். ஒரே நாளில் கற்றுக்கொண்டார்.

அஞ்சலகம் என்பது அஞ்சலர் கண்ணுச்சாமி வீட்டின் முன்னறைதான். செவ்வாய்தோறும் காலையில் கர்ப்பிணிகள் வருவார்கள். பார்சல் வைக்கும் பெஞ்சில் ஒவ்வொருவராகப் படுப்பார்கள். முடியும்வரை கண்ணுச்சாமி தெருவில் போய் நிற்பார். பதினான்கு மாதத்தில் அறுபத்து மூன்று பெண்கள். அவர்களில் ஒன்பது பேரை உடனே கொண்டுவரச் சொன்னார் டாக்டர். இருளாயி என்ற பெண்ணுக்குத் துடிப்பு எழுபதுக்கு இறங்கியிருந்தது. செங்கல் லாரியில் ஏற்றி வந்து, இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஒன்பது தாய்மாரும் ஒன்பது பிள்ளைகளும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். தாங்கள் விரும்பினால் வரிசையில் நிறுத்திக் காட்ட முடியும்.

5. ஆவாரங்குளத்தையும் கவனிக்க வேண்டிய சூரக்குளம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் வாரத்தில் நான்கு நாள் மதுரையில் தம்முடைய கிளினிக்கில் இருப்பவர். அதுவரை அவரைத் தேடி நடந்துபோய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பெண்கள், பெட்டி வந்த பிறகு நடப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏன் யாரும் வருவதில்லை என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். 19.4.83 அன்று அவர் இன்னோர் அதிகாரியுடன் ஜீப்பில் ஆவாரங்குளம் வந்தார். பெஞ்சில் ஒரு பெண் படுத்திருக்கும்போதே உள்ளே நுழைந்தார். “ரேடியோ ரிப்பேர் பண்றவன் டாக்டர், போஸ்டாபீஸ் ஆஸ்பத்திரியா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?” என்று அன்னக்கொடியிடம் கேட்டதாகக் கண்ணுச்சாமி சொல்கிறார். அந்தக் கடைசிக் கேள்வியை ஊர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து, ஒன்றிய அலுவலகக் கிடங்கில் போட்டார்கள். அரசுத் தொலைபேசியில் அனுமதியின்றி இணைத்தது என்பது குற்றச்சாட்டு. இணைக்கவே இல்லை என்று திறந்து காட்ட, திருப்புளியோடு மூன்று முறை போனேன். முத்திரையை உடைக்கக் கூடாது என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். இன்னொன்று செய்ய எனக்குப் பத்து நாள் போதும். ஆனால் அதை அஞ்சலகத்தில் வைத்தால் கண்ணுச்சாமியின் வேலை போகும் என்று அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்திருக்கிறது. மருத்துவ அலுவலரைத் தவிர வேறு எவரிடமும் தொலைபேசியில் ஆலோசனை கேட்கக் கூடாது என்று அன்னக்கொடிக்கும் உத்தரவு வந்தது.

6. 22.9.83 காலை பத்து மணி. வெள்ளைத்துரை என்பவரின் மனைவி பாண்டியம்மாள், தலைப்பிரசவம். அன்னக்கொடி மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதால் கேட்டபோது துடிப்பு தொண்ணூறுக்குக் கீழே இருந்தது. சூரக்குளத்துக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினார். மருத்துவ அலுவலர் மதுரைக்குப் போயிருந்தார். பிறகு அன்னக்கொடி உத்தரவை மீறி டாக்டர் சுந்தரவல்லிக்குப் போன் செய்தார். கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர்.

வெள்ளைத்துரை தயங்கினார். “இருளாயிக்கு டாக்டரம்மாவே காதால கேட்டுச் சொன்னாக. எங்களுக்கு மட்டும் நீங்க எண்ணிச் சொல்றீக. அம்புட்டுத் தூரம் வண்டியில குலுங்கிப் போறதுக்கு, டாக்டரம்மா ஒருவாட்டி கேட்டுச் சொல்லட்டும் தாயி, இந்தா கிளம்பிர்றோம்” என்றார். “பெட்டியத்தான் தூக்கிட்டுப் போயிட்டாகளேண்ணே” என்று அன்னக்கொடி அழுதிருக்கிறார். மருத்துவ அலுவலர் திரும்பிவிடுவார் என்று மூன்று மணி வரை காத்திருந்தார்கள். ஆறு மணிக்கு டாக்டரிடம் வந்து சேர்ந்தபோது பிள்ளை இறந்திருந்தது. பெண் பிள்ளை. பாண்டியம்மாள் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தார்.

அந்த ஐந்து மணி நேரமும் பெட்டி ஆறு மைலுக்கு அப்பால், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே இருந்தது.

7. 3.10.83 அன்று அன்னக்கொடி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். உத்தரவில் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, உரிய நேரத்தில் மருத்துவ ஆலோசனை பெறத் தவறியது. இரண்டு, தடை செய்யப்பட்ட முறையில் தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை பெற்றது. இரண்டும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கையொப்பத்தின் மேலே இருக்கின்றன. கையொப்பமிட்டவர் இரண்டையும் படித்தாரா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தங்களுக்கு இருக்கிறது.

8. நிலைமை தீவிரம் என்று செவிலியர் தம்மிடம் சொல்லவே இல்லை என வெள்ளைத்துரை தந்ததாக ஒரு வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் சென்ற வாரம் ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு என் கடைக்கு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தம்மா பத்து மணிக்கே கிளம்பு கிளம்புன்னு கால்ல விழாத குறையாச் சொல்லுச்சு. நாந்தான் கேக்கல. எம்பிள்ளையக் கொன்னது நாந்தேன். என்னய என்ன வேணாச் செய்ங்க, அந்தம்மாவ விட்ருங்க.”

அது சரியல்ல என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தப் பெட்டி எப்படிக் கத்தும் என்று கேட்டார். பெட்டி என்னிடம் இல்லை. நல்ல பிள்ளையின் துடிப்பு எப்படியிருக்குமோ அந்த வேகத்தில் வாயால் சீட்டி அடித்துக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டுப் போதும் என்று கை காட்டினார். அவருடைய உண்மையான வாக்குமூலத்தை, கண்ணுச்சாமி முன்னிலையில் இரண்டு முறை படித்துக் காட்டிக் கைநாட்டு பெற்று, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

9. ஆகையால் தாங்கள்

(அ) பெட்டியைத் தங்கள் முன்னிலையில் திறந்து பார்க்கச் செய்து, குற்றமில்லை என்றால் ஆவாரங்குளத்துக்கே திருப்பித் தர வேண்டும். எனக்குத் தர வேண்டாம்;

(ஆ) அன்னக்கொடியை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும். அவர் இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை;

(இ) 22.9.83 அன்று காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை யார் எங்கே இருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். விசாரணை அலுவலகத்தில் வேண்டாம். ஆவாரங்குளத்தில், பாண்டியம்மாள் வந்து உட்காரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும்.

ஊரில் இப்போது நான்கு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். சீனியம்மாள் என்பவருக்குத் தை முதல் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் தலைப்பிரசவம். எங்கள் மனுவைத் தங்கள் அலுவலகம் வழக்கம்போல் தைக்குப் பிறகு எடுத்துக்கொண்டால், அதற்குள் நான் இன்னொரு மனு எழுத வேண்டி வரலாம். அந்த மனுவை என்னை எழுத வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

இடம்: பழங்காநத்தம், மதுரை
நாள்: 12.12.1983

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கே. ஆர். துளசிராம்

உடன் ஒப்பமிடுவோர்:
கண்ணுச்சாமி, அஞ்சலர், ஆவாரங்குளம்
வெள்ளைத்துரை (இடது கைப் பெருவிரல் ரேகை)
பாண்டியம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)